ஒப்பிப்பதும் படிப்பதும்

தமிழ் நாளிதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவதுதான் என் பிழைப்பு. ஈய எழுத்துக் காலத்தில் உள்ளே நுழைந்தவன், கணினித் திரை வந்த பிறகு வெளியே வந்தேன். மெய்ப்புத் திருத்துகிறவன் வாசகனைப் போல் படிக்க மாட்டான். செய்தியில் லயித்துவிட்டால் பிழை தப்பிவிடும். மந்திரி என்ன பேசினார் என்பது அவனுக்கு முக்கியமில்லை; ‘மந்திரி’யில் றகரம் புகுந்துவிட்டதா, ஒற்று விழுந்திருக்கிறதா, அதுதான் முக்கியம். அப்படி எழுத்தெழுத்தாகப் பார்த்தே கண் கெட்டது. ஓய்வு பெற்றபின் மனைவியும் நானும் கிள்ளானில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தோம்.

பேரன் 2020 ஜனவரியில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தான். நாட்காட்டி தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 18-இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது. சட்டைக் காலரில் கஞ்சி மொடமொடப்புக் கூடப் போகாத ஒரு முதலாம் ஆண்டுப் பையன், உயிரெழுத்து முடிந்து உயிர்மெய்யில் கால் வைத்த நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டான். மகள் மருத்துவமனையில் தாதி. மருமகன் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. இரண்டு பேருக்கும் வீட்டில் உட்காருகிற பாக்கியம் இல்லை. மிச்சமிருந்தது தாத்தாவும் பாட்டியும்.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளியில் ஏழு வயதுப் பிள்ளை என்ன சுமக்கிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். ஒரே வருடத்தில் மூன்று மொழி, இரண்டு எழுத்து முறை. காலையில் தமிழ், அது முடிந்தால் மலாய், அப்புறம் ஆங்கிலம். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்து ஒன்றே, ஆனால் ஒலி வேறு. மலாய் எழுத்துமுறை குழந்தைக்குச் சாதகமானது. ‘பா-ஜு’, ‘பு-கு’, ‘மா-தா’ என்று அசை அசையாகக் கூட்டினால் சொல் வந்துவிடும். அதே கையோடு ஆங்கிலத்துக்குப் போனால் எல்லாம் தலைகீழ். பூனைக்கான ஆங்கிலச் சொல்லை எங்கள் பையன் ‘சாட்’ என்று படித்தான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. மலாயில் கோப்பை ‘சாவான்’. அதே முதல் எழுத்து அங்கே ‘ச’ என்று ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ‘க’ ஆகிறது என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

தமிழ் எழுத்து எண்ணிக்கையில் பெரியது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இத்தனையையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லைதான். குறியீடு தெரிந்தால் போதும் என்போம். ஆனால் அச்சகத்தில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், குறியீடு எல்லாம் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. காவன்னாவுக்குப் போடுகிற கால், எந்த எழுத்துக்கும் கால்தான். உகர ஊகாரத்துக்கு வந்தால் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு வேஷம் கட்டுகிறது. கு, சு, டு, து, பு இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ‘கூ’வுக்கும் ‘சூ’வுக்கும் ‘தூ’வுக்கும் பொதுவான கோடு எது என்று ஒரு குழந்தையின் கண்ணால் தேடிப் பாருங்கள். அனுபவப்பட்ட அச்சுக்கோப்பாளர்களே தடுமாறிய இடம் அது. டி-டீ மாறிவிடும், ‘மு’ போட வேண்டிய இடத்தில் ‘ழு’ வந்து உட்காரும். ஏழு வயதுப் பிள்ளை அங்கே நின்று யோசிக்கிறது என்றால் அது மந்தம் அல்ல.

கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து சோனாலி நாக் என்ற ஆய்வாளர் 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கன்னட எழுத்தும் நம் எழுத்தைப் போல உயிர்மெய் முறைதான். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைப் பிள்ளைகள் பள்ளியின் முதல் வருடத்திலேயே பிடித்துவிடலாம். உயிர்மெய் எழுத்துத் தொகுதி முழுவதும் கைவர மூன்றாம் நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்பது அதன் சாரம். மகள் கூடப் படித்தவர்களின் பிள்ளைகளைச் சொல்லி, “அந்தப் பொண்ணு இங்கிலீஷ் கதைப் புத்தகமே படிக்குதுப்பா, இவன் இன்னும் ‘கூ’வையும் ‘சூ’வையும் பாத்து முழிக்கிறான்” என்று வருத்தப்பட்டபோதெல்லாம் இதைத்தான் சொன்னேன். இரண்டு பாதையும் ஒரே நீளமல்ல. ஒன்றின் கடிகாரத்தை வைத்து மற்றொன்றை அளக்கக் கூடாது.

பள்ளி மூடியதும் வகுப்பாசிரியை பெற்றோர்களைச் சேர்த்துப் புலனத்தில் ஒரு குழு தொடங்கினார். வாட்சாப்பைத்தான் எங்கள் பள்ளிகளில் புலனம் என்கிறோம். தினமும் காலையில் பாடப் பக்கத்தின் படம் வரும். பிள்ளை அதைப் படிக்க, நாம் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பேரன் கணீரென்று படித்தான். ஏற்ற இறக்கத்தோடு, கேள்விக்குறி வந்த இடத்தில் குரலை உயர்த்தி, ஒரு சொல் தட்டாமல். பாட்டி பூரித்துப் போய் அதைப் பினாங்கில் இருக்கும் தன் தங்கைக்கும் அனுப்பிவைத்தாள்.

ஆசிரியையிடமிருந்து குரல் பதிவில் பதில் வந்தது. “நல்லா படிக்கிறான் ஐயா. ஒரே ஒரு உதவி. அதே பக்கத்துல கடைசி வரியிலேந்து மேல வரச் சொல்லிப் படிக்க வச்சு அனுப்புங்க.”

சொன்னேன். பையன் புத்தகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு, முதல் வரியைச் சொல்ல ஆரம்பித்தான்.

“அங்க அப்படியாடா இருக்கு?”

“தாத்தா, இப்படிலாம் படிக்கக் கூடாது. மொதல்லேந்துதான் படிக்கணும்,” என்றான், விவரம் தெரியாத தாத்தாவுக்குப் புத்தி சொல்கிற மாதிரி.

படத்தை ஒரு தாளால் மறைத்தேன். பாடம் அப்போதும் கணீரென்று வந்தது. பக்கத்தையே புரட்டி வேறு பாடத்தைக் காட்டினேன். அவன் பார்வை சுவரில் இருந்தது; பழைய பாடம் நிற்கவில்லை.

அன்று மாலை ஆசிரியை கூப்பிட்டார். அவர் குரலில் ஆச்சரியமும் இல்லை, குறையும் இல்லை. “வகுப்புல பாதிப் பேரு இப்படித்தான் ஐயா. நான் படிக்க, பிள்ளைங்க சேர்ந்து சொல்ல, நாலு தரம் கேட்டா கெட்டிக்காரப் பிள்ளைக்கு அப்படியே பதிஞ்சிடும். மக்குப் பிள்ளை இதைச் செய்ய முடியாது. உங்க பேரனுக்குக் காது ரொம்பக் கூர்மை. கண்ணுக்கு இன்னும் வேலை வரல, அவ்வளவுதான். அவன் பாக்காத எதையாவது படிக்கக் குடுங்க. நாலு வரி போதும்.”

இந்த ஒரு யோசனையைச் சுற்றியே எங்கள் இரண்டு வருடமும் நடந்தது. பிள்ளை படிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத வீட்டில், ஒப்பிக்கிற பிள்ளைக்கே பாராட்டு போய்ச் சேரும். அந்தப் பாராட்டில் அது இரண்டாம் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் ஏறிவிடும். பாடம் நீளமாகி மனப்பாடம் கைவிடுகிற நாளில்தான் உண்மை வெளியே வரும். அதற்குள் பிள்ளைக்குத் தன் மேலேயே நம்பிக்கை போயிருக்கும்.

பார்க்காத நான்கு வரிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. முதலில் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டி. காலையில் தாளைக் கிழிக்கிற உரிமை அவனுடையது. கிழித்ததைப் படித்துவிட்டுத்தான் கசக்க வேண்டும் என்பது சட்டம். கிழமை, நட்சத்திரம், ராகு காலம், கீழே ஒரு பொன்மொழி. ‘சனி’யும் ‘ஞாயிறு’ம் வாரத்துக்கு ஒரு தரம் திரும்பி வருவதால் கண்ணுக்குப் பழகின. பொன்மொழி மட்டும் தினமும் புதிது. அடுத்து நாளிதழ். வாசலுக்கு வரும் பேப்பரில் தலைப்பை மட்டும் அவனுக்கு வைப்பேன். பெரிய எழுத்து, நாலைந்து சொல். அந்த வருடத்துத் தலைப்புகள் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. ஆனாலும் ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லை அவன் முதல் பார்வையில் அடையாளம் கண்டுகொண்டது அந்தத் தலைப்புகளால்தான். மளிகைச் சாமான் வந்தால் பொட்டலத்தில் தமிழ் தேடுவான். மாத்திரைச் சீட்டு, கோயில் திருவிழா அழைப்பிதழ், பழைய கல்யாணப் பத்திரிகை, ஒன்றும் விடவில்லை. கல்யாணப் பத்திரிகையில் ‘நிகழும் மங்களகரமான’ என்ற இடத்தில் மட்டும் மூச்சு வாங்கும்.

ஒரு நாள் ‘கொடி’ என்ற சொல்லில் நின்றுவிட்டான். “கெ... கெ... கெடி?” என்றான். துணைக்கால் கண்ணில் படவே இல்லை. பாட்டி ‘கொடிடா, கொடி’ என்று எடுத்துக் கொடுக்கப் போனாள், நான் கையமர்த்தினேன். அவன் எங்கே விழுகிறான் என்பது எனக்குத் தெரிந்தது. ஈய எழுத்தில் ‘கொ’ என்று ஓர் எழுத்தே கிடையாது. அச்சுக்கோப்பாளர் முதலில் கொம்பை எடுத்து வைப்பார், அப்புறம் க, அப்புறம் கால். மூன்று துண்டு. கை போன வரிசையும் அதுதான், கண் போகிற வரிசையும் அதுதான். ஒலி மட்டும் அந்த வரிசையில் வருவதில்லை. கொம்பைப் பார்த்ததும் வாயைத் திறந்துவிடும் குழந்தை ‘கெ’ என்றுதான் சொல்லும். கால் வரைக்கும் பார்த்துவிட்டு வாயைத் திற என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும்.

மைலோ அட்டைப் பெட்டியை வெட்டிக் கம்பாசிட்டர் பெட்டி ஒன்று செய்தோம். கொம்பு, இரட்டைக் கொம்பு, கால், ஐகாரத்துக்கு ஒன்று, பிறகு க, ச, ட, த, ப, ம. தரையில் பரப்பிக்கொண்டு அவன் கோப்பான், நான் படிப்பேன். பிறகு நான் கோப்பேன், அவன் படிப்பான். ‘க’வுக்கு முன்னே கொம்பை வைத்து “இப்ப என்ன?” என்பேன். “கெ.” காலைக் கொண்டுவந்து பின்னால் வைப்பேன். “கொ!” கொம்பை எடுத்துவிட்டு இரட்டைக் கொம்பு. “கோ!” காலை எடுத்தால்? கொஞ்சம் யோசித்துவிட்டு, “கே.” அட்டை கையில் இருந்தபோது ஓர் எழுத்து இன்னொன்றாக மாறுவது அவனுக்கு வித்தை காட்டுகிற மாதிரி இருந்தது. பலகையில் வரிசையாக எழுதிப் போட்டு ஒப்பிக்கச் சொன்னபோது இந்தச் சிரிப்பு வந்ததே இல்லை. பிறகு அந்தப் பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

எழுத்து கூட்டத் தெரிந்தால் படிப்பு வந்துவிடும் என்று நினைப்போம். பாதிதான் வரும். தமிழில் ககரம் ஒன்று. அது ஒலிக்கிற விதம் பல. ‘கடை’யில் ஒன்று, ‘தங்கம்’ என்பதில் ஒன்று, ‘மகன்’ என்பதில் ஒன்று. இதற்கு விதி சொல்லிக் கொடுத்துப் பிள்ளை படிப்பதில்லை. சொல் ஏற்கெனவே காதில் இருந்தால் கண் பார்த்ததும் வாய் சரியான ஒலிக்குத் தானாகப் போய்விடுகிறது. சொல் காதில் இல்லாவிட்டால், எழுத்தெல்லாம் சரியாகக் கூட்டியும் பிள்ளை வாசலில் நிற்கும், உள்ளே போகாது.

எங்கள் வீட்டுத் தமிழ் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். “பசார்ல ஈக்கான் வாங்கிட்டு, அப்படியே தாப்பாவ் ரெண்டு கட்டிட்டு வந்துடுங்க” என்பது எங்கள் வீட்டில் சாதாரண வாக்கியம். பாடப்புத்தகத்தில் ‘அம்மா சந்தைக்குச் சென்றார், மீன் வாங்கினார்’ என்று இருக்கும். ‘சென்றார்’ என்ற சொல்லை எங்கள் பையன் யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. செ-ன்-றா-ர் என்று நான்கையும் சரியாகச் சொல்லிவிட்டு, “அப்படின்னா?” என்றான். போனாங்க என்று பாட்டி சொன்னதும், “அப்ப போனாங்கன்னே எழுத வேண்டியதுதானே” என்றான்.

அதற்காகப் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. பேச்சு செத்துப் போனால் பிள்ளை பேசவே பேசாது. பாட்டி வழக்கம் போல் பேச்சுத் தமிழில் கதை சொன்னாள். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பால்மரக் காட்டில் புலி வந்த கதை, முனியாண்டி கோயில் கதை, நரி ஏமாந்த கதை என்று அவளிடம் சரக்கு தீராது. ராத்திரி படுக்கப் போகுமுன் நான் புத்தகத்திலிருந்து கதை படித்தேன். இரண்டும் வேறு வேறு தமிழ் என்று அவன் காது பிரித்துக்கொண்டது. சில வாரத்தில் “ஓநாய் சென்றதுன்னு படிங்க தாத்தா, போச்சுன்னு ஏன் மாத்துறீங்க” என்று என்னையே திருத்தினான். தூக்கக் கலக்கத்தில் நான் புத்தகத் தமிழை விட்டுவிட்டிருந்தேன்.

புத்தகத்துக்கு நான் தேடி அலையவில்லை. மனைவி கல்யாணத்தின்போது கொண்டுவந்த அம்புலிமாமா பைண்டு ஒன்று இருந்தது. அதில் ‘லை’, ‘ணை’ எல்லாம் யானைத் தும்பிக்கை போட்ட பழைய எழுத்து. தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து மாற்றிய 13 எழுத்துகளில் அந்த ஐகாரங்கள் நான்கும் உண்டு. அவனுக்கு அவை மிருகக்காட்சி மாதிரி வேடிக்கை; படிக்கிறது நான்தான். அவன் படிப்பதற்கு அழ. வள்ளியப்பாவின் பாட்டு, நம் ஊர்க்காரர் முரசு நெடுமாறனின் குழந்தைப் பாட்டு. பாட்டில் ஒரு வசதி. எதுகை வருகிற இடத்தில் அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும். கண் போய்ச் சரிபார்க்கும். காதையும் கண்ணையும் கோத்துவிட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மகள் கைப்பேசியில் ஸ்டோரிவீவர் என்ற தளத்தைக் காட்டினாள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது. தமிழில் நிறையக் கதைகள், படிநிலை போட்டு, காசில்லாமல். முதல் படியில் ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியம்தான். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தடுக்கினால் மூன்று மூச்சு விடுகிற நேரம் காத்திருப்பேன். அப்புறமும் வராவிட்டால் சொல்லிவிடுவேன். சொல்லாமல் காத்திருந்து பிள்ளையை வேர்க்க வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. கதை முடிந்ததும் பாட்டியிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் ‘சென்றது’, பாட்டியிடம் ‘போச்சு’. அவன் உள்ளே போயிருக்கிறானா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

எல்லா வீட்டிலும் இப்படி இரண்டு கிழங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வருடம் கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை என்று வந்தது. எங்கள் மாடி வீட்டு வரிசையிலேயே ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைக்கு ஒரு கைப்பேசி. அதுவும் அப்பாவோடு லாரியில் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பினால்தான் பள்ளிக்கூடம் திறக்கும். ஆசிரியை அந்தப் பிள்ளைகளுக்குத் தாளில் அச்சடித்துப் பள்ளிக் காவலர் கூண்டில் வைப்பார். பெற்றோர் வந்து எடுத்துக்கொள்வார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளை அனுப்பிய வாசிப்பைக் கேட்டுவிட்டு, “அந்த ரெண்டாவது வரியை இன்னொரு தரம் சொல்லுடா கண்ணா” என்று அவர் பதில் போட்டிருப்பது குழுவில் தெரியும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களை நான் அதற்குப் பிறகு பேச விடுவதில்லை.

முதலாம் ஆண்டுக்கு 2020 ஜூலை 22-இல் பள்ளி திரும்பத் திறந்தது. ஆசிரியை முதல் வேலையாக ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டுப் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார். அதை வைத்துப் பிள்ளைகளை மூன்று குழுவாக்கினார். எழுத்தே பிடிபடாதவர்கள் ஒரு குழு. எழுத்து தெரிந்து சொல் கூட்ட முடியாதவர்கள் ஒரு குழு. மிச்சம் பேர் ஒரு குழு. ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை. குழுவுக்குப் பெயர் பூக்களின் பெயர். எது மேல், எது கீழ் என்று பிள்ளைக்குத் தெரியாது. எங்கள் பையன் நடுக் குழு. எதிரொலி மாதிரி எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டுப் படிப்பதை அவர் குறைத்துவிட்டார். அதற்குப் பதில் இரண்டு இரண்டு பேராக, முகக்கவசத்தோடு, ஒருவர் படிக்க மற்றவர் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். அக்டோபரில் சிலாங்கூரில் பள்ளிகள் மறுபடியும் மூடின. மறுபடி தினசரி நாட்காட்டி, மறுபடி அட்டைப் பெட்டி. அடுத்த ஆண்டு மார்ச்சில் திறந்து, நடுவில் மூடி, அக்டோபரில் திறந்து, அப்படியே அவன் இரண்டாம் ஆண்டும் போனது.

2021 தீபாவளிக்குச் சில நாள் முன்பு, தடை தளர்ந்த நேரம், அவனைக் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். கிள்ளானில் கொமுட்டர் ஏறினால் வழிநெடுகப் படிக்கக் கிடைக்கும். புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா. மலாய் அசை கூட்டுவதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. ஒவ்வொரு நிலையத்திலும் பலகை வரும், ஒலிபெருக்கி உடனே விடையைச் சொல்லும். கே.எல். சென்ட்ரலில் இறங்கி துன் சம்பந்தன் சாலைக்கு வந்தோம். நடைபாதையில் புடைத்துக்கொண்டிருந்த மஞ்சள் கற்களைக் காலால் தேய்த்துக்கொண்டே, எதற்கு இது என்றான். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது, 1951-இலிருந்து இயங்குகிறது, அவர்கள் கைத்தடியால் வழி பார்க்க இது என்றேன். அவர்கள் எப்படிப் படிப்பார்கள்? விரலால், ஆறு புள்ளி. தமிழும் அப்படிப் படிக்கலாமா? படிக்கலாம். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தான்.

அந்தத் தெருவில் தமிழ்ப் பலகைக்குக் குறைவில்லை. புடவைக் கடை, நகைக் கடை, முறுக்குக் கடை, கேசட் போய்க் கைப்பேசி உறை வந்த கடை. அவன் வாய் மூடாமல் படித்துக்கொண்டே வந்தான். மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பந்தலின் எதிரே சடக்கென்று நின்றான். துணியில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்ததை ஒரு தரம் வாய்க்குள் படித்தான். விரலால் காற்றில் எழுதிப் பார்த்தான்.

“தாத்தா, அவங்க ‘க்’ போடல.”

பார்த்தேன். ‘பூகடை’ என்று இருந்தது.

நாற்பது வருடத்துக்குக் கிட்ட ஒற்றுக்காக அச்சுக்கோப்பாளர்களோடு மல்லுக்கு நின்றவன் நான். மல்லிகைச் சரம் வாங்குகிற சாக்கில் கடைக்கார அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் பையனைப் பார்த்துச் சிரித்தார். “ஏன் ஐயா, பூவு வாடாம இருந்தா போதாதா?” என்று கேட்டுவிட்டு அவன் கையில் ஒரு ரோஜாவைக் கொடுத்தார். பலகை மாறியதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒப்பிக்கிற பிள்ளைக்குப் பிழை கண்ணில் படாது. அதற்குத் தெரிந்தது அங்கே என்ன இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பிள்ளைதான் விட்டுப்போன ஒற்றைக் காணும். அன்று ரயிலில் திரும்பும்போது மகளுக்குக் கூப்பிட்டு, இனிமேல் இவன் படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றேன்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி முடிவதில்லை. தென்கிழக்காசிய நாடுகளில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் வாசிப்பை 2019-இல் சோதித்தார்கள். மலேசியாவில் அந்த வயதுக்கு வேண்டிய அளவு படிக்கத் தெரிந்தவர்கள் 58 விழுக்காடு, வியட்நாமில் 82. இது கோவிட்டுக்கு முந்தின கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். உலக வங்கி 2024-இல் நம் நாட்டைப் பற்றி எழுதிய அறிக்கையும் இதே குறையைத்தான் சுட்டியது: ஐந்தாம் ஆண்டில் 42 விழுக்காட்டுப் பிள்ளைகள் தேவையான வாசிப்புத் திறனை எட்டவில்லை. பத்துப் பிள்ளைகளில் நான்கு. இந்த நான்கு பேரும் முதலாம் ஆண்டில் பாடத்தைக் கணீரென்று சொன்னவர்களாக இருந்திருக்கலாம்.

பிள்ளை முயன்றும் எழுத்து நிற்காவிட்டால் முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டு போயும் எழுத்து தலைகீழாகத் தெரிகிறது, நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாக இருக்கிறது என்றால் ஆசிரியரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்; டிஸ்லெக்சியாவா என்று சோதிக்க நம் நாட்டில் வழி இருக்கிறது. அடித்து வராத படிப்பு, டியூசன் கூட்டி வராத படிப்பு, அதற்கு வேறு முறையில் வரலாம். சோம்பேறி என்று பேர் வைத்துவிட்டால் எந்த முறையிலும் வராது.

1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கிய ஒரு தமிழ் வகுப்பிலிருந்து இந்த நாட்டில் தமிழ்க் கல்வி இருநூறு வருடம் தாண்டி வந்திருக்கிறது. கட்டடம் வேண்டும், மானியம் வேண்டும், மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று நாம் போராடுகிறோம், போராட வேண்டியதுதான். ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளை படிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்பதை எந்த அமைச்சும் வந்து பார்க்காது. வகுப்பில் ஆசிரியர் பார்க்கலாம். முப்பது பேருக்கு நடுவில் அவரால் முடிந்த அளவு. மிச்சம் வீட்டுக்காரர் வேலை. அதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை, காசும் தேவையில்லை. உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ பாடத்தை அழகாகப் படித்துக் காட்டினால் தட்டிக் கொடுங்கள். அடுத்து, அது இதுவரை பார்த்திராத நான்கு வரியை எடுத்து வையுங்கள். தடுக்குகிற இடத்தில் கோபப்படாமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே தொடங்குங்கள்.